ஹாங்காங் தற்காப்புக் கலைத் திரைப்படங்களின் வெற்றியும் ஏமாற்றமும்: சண்டை அமைப்பாளரின் பணியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு (1949–2000)

ஆய்வுச் சுருக்கம்

ஆசியத் தற்காப்புக் கலைத் திரைப்படங்களின் வெற்றிக்கு நடிகரின் மெய்யான சண்டைத் திறனே காரணம் என்னும் கருத்து பரவலாக நிலவுகிறது. ஹாங்காங் திரைப்பட வரலாற்றின் சான்றுகள் இக்கருத்தை முழுமையாக ஏற்கவில்லை. திறன் மிக்க ஒரே நடிகர் ஒரே ஆண்டில் ஒரு படத்தில் ஏமாற்றத்தையும் மற்றொரு படத்தில் பெருவெற்றியையும் தந்துள்ளார். இவ்வேறுபாட்டிற்குச் சண்டை அமைப்பாளருக்கு வழங்கப்பட்ட காலமும் அதிகாரமுமே முதன்மைக் காரணங்கள் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. வோங் ஃபெய்-ஹுங் படவரிசை, கிங் ஹூ, லாவ் கார்-லியுங், புரூஸ் லீ, ஜாக்கி சான் ஆகியோரின் படங்கள் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. இவ்விளக்கத்தின் எல்லையைச் சுட்ட 'க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' (2000) படத்தின் வரவேற்பும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஹாங்காங் திரைப்படம், தற்காப்புக் கலை, சண்டை அமைப்பு, படத்தொகுப்பு, புரூஸ் லீ, ஜாக்கி சான்

1. முன்னுரை

1985ஆம் ஆண்டில் ஜாக்கி சான் காவல்துறை அதிகாரியாக நடித்த இரு படங்கள் வெளிவந்தன. ஒன்று, அமெரிக்க இயக்குநர் ஜேம்ஸ் கிளிக்கன்ஹவுஸ் இயக்கிய 'தி புரொடெக்டர்'. மற்றொன்று, சான் தாமே இயக்கிய 'போலீஸ் ஸ்டோரி'. முதற்படம் அமெரிக்காவில் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. இரண்டாவது படம் ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படத்திற்கான விருதையும் சிறந்த சண்டை அமைப்பிற்கான விருதையும் பெற்றது. நடிகர் ஒருவரே, வயதும் உடல்வலிமையும் பயிற்சியும் அவையே. ஆயினும் விளைவுகள் நேர்மாறாக அமைந்தன.

தற்காப்புக் கலைப் படங்களைப் பற்றிய பொதுப்பேச்சில், 'நடிகர் உண்மையில் சண்டை தெரிந்தவரா?' என்பதே முதல் வினாவாக எழுகிறது. தெரிந்தவர் எனில் படம் நன்று. தெரியாதவர் எனில் படம் போலி. இவ்வளவுகோல் வணிக விளம்பரங்களாலும் வலுப்பெற்றுள்ளது. மேற்கண்ட இரு படங்களும் இவ்வளவுகோலின் போதாமையைக் காட்டுகின்றன. திறன் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்திறன் திரையில் தென்படுவதற்கு வேறொரு பணி தேவைப்படுகிறது. அப்பணியைச் செய்பவரே சண்டை அமைப்பாளர். தமிழ்த் திரைப்படங்களின் பெயர்ப்பட்டியலில் 'சண்டைப் பயிற்சி' என்று குறிக்கப்படும் பணிக்கு இது நெருக்கமானது. ஆனால் ஹாங்காங்கில் அப்பணியின் பரப்பு, பயிற்சி அளிப்பதோடு நிற்காமல் கேமராக் கோணத்தையும் படத்தொகுப்பையும் தீர்மானிக்கும் அளவிற்கு விரிந்தது.

இக்கட்டுரையின் கருதுகோள் இதுவே: ஹாங்காங் தற்காப்புக் கலைப் படங்கள் சண்டை அமைப்பாளருக்குக் காலமும் அதிகாரமும் வாய்த்த இடங்களில் வெற்றி பெற்றன, அவை மறுக்கப்பட்ட இடங்களில், திறன் மிக்க நடிகர் இருந்தும், ஏமாற்றம் அளித்தன.

2. வெற்றியும் ஏமாற்றமும்: சொற்பொருள் வரையறை

'வெற்றி' என்னும் சொல் இத்துறையில் குறைந்தது மூன்று பொருள்களில் வழங்குகிறது. முதலாவது வசூல். இரண்டாவது, சண்டைக் காட்சிகளை எதிர்பார்த்து வரும் பார்வையாளரின் நிறைவு. மூன்றாவது, பின்வந்த படைப்பாளிகள்மீது ஏற்பட்ட தாக்கம். இம்மூன்றும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை.

எடுத்துக்காட்டாக, ஜாக்கி சான் நடித்த அமெரிக்கப் படமான 'ரஷ் அவர்' (1998) வசூலில் பெருவெற்றி பெற்றது. ஆயினும் அதன் சண்டைக் காட்சிகள் தமக்கு நிறைவளிக்கவில்லை என்று சானே பிற்காலத்தில் கூறியுள்ளார். அப்படத்தின் வெற்றியில் நகைச்சுவை இணையின் பங்கு பெரிது. எனவே வசூலை மட்டும் கொண்டு ஒரு படத்தின் சண்டை அமைப்பை மதிப்பிட இயலாது. இக்கட்டுரை இரண்டாம், மூன்றாம் பொருள்களையே முதன்மையாகக் கொள்கிறது. வசூல் துணைச்சான்றாக மட்டும் பயன்படுத்தப்படுகிறது.

3. மேடையிலிருந்து திரைக்கு: வோங் ஃபெய்-ஹுங் படவரிசை

சீனத் தற்காப்புக் கலைப் படங்களின் தொடக்கம் ஷாங்காய் நகரைச் சார்ந்தது. மிங்ஸிங் நிறுவனம் 1928இல் வெளியிட்ட 'தி பர்னிங் ஆஃப் தி ரெட் லோட்டஸ் டெம்பிள்' பல பாகங்களாகத் தொடர்ந்து பெரும் அலையை எழுப்பியது. மந்திர ஆற்றலையும் பறக்கும் வாள்களையும் காட்டிய இவ்வகைப் படங்களைத் தேசியவாத அரசு 1931இல் தடை செய்தது. அதன்பின் இம்மரபு ஹாங்காங்கில் காண்டனிய மொழிப் படங்களின்வழி உயிர்பெற்றது. அங்கும் வாளிலிருந்து புறப்படும் ஒளிக்கீற்றுகளைப் படச்சுருளின்மீது கையால் வரையும் வழக்கமே தொடக்கத்தில் இருந்தது.

1949இல் ஹூ பெங் இயக்கிய வோங் ஃபெய்-ஹுங் படம் இப்போக்கை மாற்றியது. வோங் ஃபெய்-ஹுங் குவாங்டோங் மாநிலத்தின் ஃபோஷான் பகுதியைச் சேர்ந்த மருத்துவரும் தற்காப்புக் கலை ஆசானும் ஆவார். 1920களில் மறைந்த இவரை அறிந்தோர் ஹாங்காங்கில் அப்போது வாழ்ந்தனர். எனவே மந்திர வாள்களுக்கு அங்கு இடமில்லை. தென்சீனக் குத்துச்சண்டை முறைகளை உள்ளவாறு காட்டுவதே படத்தின் ஈர்ப்பாயிற்று. காண்டனிய இசைநாடக நடிகரான குவான் டாக்-ஹிங் வோங் வேடத்தை ஏற்றார். எதிர்நாயகனாக ஷெக் கின் நிலைபெற்றார். 1956ஆம் ஆண்டில் மட்டும் இவ்வரிசையில் 25 படங்கள் வெளிவந்தமை இதன் செல்வாக்கைக் காட்டும்.

இவ்வரிசையின் வரலாற்று முக்கியத்துவம் அதன் படப்பிடிப்புத் தளத்தில் உள்ளது. வோங்கின் மாணவர் லாம் சாய்-விங்; அவருடைய மாணவர் லாவ் சாம். லாவ் சாம் இப்படங்களில் நடித்தார். அவருடைய மகன் லாவ் கார்-லியுங்கும் டாங் காயும் இப்படங்களில் சண்டை நடிகர்களாகத் தொழில் கற்றனர். பீக்கிங் இசைநாடகப் பின்னணியுடைய யூன் சியு-டின் ஆரம்பகாலச் சண்டை அமைப்பாளர்களுள் ஒருவராக விளங்கினார்; அவருடைய மகனே பிற்காலத்தில் புகழ்பெற்ற யூன் வோ-பிங். ஆக, ஆசான் மரபு, மேடை மரபு என்னும் இரண்டும் ஒரே தளத்தில் கலந்தன. முன்னது சண்டையின் இலக்கணத்தைத் தந்தது. பின்னது அதை அவைக்குக் காட்டும் முறையைத் தந்தது.

இப்படங்களின் குறையும் இங்கேயே தொடங்குகிறது. சண்டை முறைகள் மெய்யானவை; ஆனால் கேமரா பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்று மேடையைப் பார்ப்பதுபோல் பார்த்தது. விரைந்து தயாரிக்கப்பட்டமையால் ஒத்திகைக்குக் காலம் குறைவு. 1960களின் பார்வையாளருக்கு இச்சண்டைகள் மந்தமாகத் தோன்றின. மெய்ம்மை மட்டும் போதாது என்பதற்கு ஹாங்காங் வரலாறு தரும் முதற்சான்று இதுவாகும்.

4. இடைநிறுத்தத்தின் பயன்: கிங் ஹூவும் சாங் செவும்

சிங்கப்பூர், மலாயாத் திரையரங்குகளில் வலுவாகக் காலூன்றியிருந்த ஷா பிரதர்ஸ் நிறுவனம், ரன் ரன் ஷாவின் தலைமையில் 1961இல் ஹாங்காங்கின் கிளியர்வாட்டர் விரிகுடாப் பகுதியில் பெரும் படப்பிடிப்பு வளாகத்தைத் திறந்தது. நிலையான அரங்குகள், ஒப்பந்த நடிகர்கள், ஒரே குழுவினர் அடுத்தடுத்த படங்களில் பணிபுரியும் ஏற்பாடு ஆகியவை சண்டை அமைப்பைத் தனித் தொழிலாக வளர்த்தன. 1960களின் நடுப்பகுதியில் சண்டை அமைப்பாளரின் பெயர் தனிப்பொறுப்பாகப் பெயர்ப்பட்டியலில் இடம்பெறுவது வழக்கமாயிற்று.

கிங் ஹூ இயக்கிய 'கம் டிரிங்க் வித் மீ' (1966) இம்மாற்றத்தின் தெளிவான சான்று. இதன் நாயகி செங் பெய்-பெய் தற்காப்புக் கலைஞர் அல்லர். பாலே நடனம் பயின்றவர். சண்டை அமைப்பாளர் ஹான் யிங்-சியே பீக்கிங் இசைநாடகப் பயிற்சி பெற்றவர். விடுதிக் காட்சியில் நாயகி அசையாது அமர்ந்திருக்கிறாள். சுற்றியுள்ளோர் ஒருவர்பின் ஒருவராக அவளைச் சீண்டிப் பார்க்கின்றனர். நீண்ட அமைதிக்குப்பின் சட்டென ஓர் அசைவு, மீண்டும் அமைதி. இசைநாடக மேடையில் தாள வாத்தியங்களின் வீச்சுக்குப்பின் நடிகர் ஒரு நிலையில் உறைந்து நிற்கும் மரபே இங்குத் திரைமொழியாக மாறியுள்ளது. டேவிட் போர்ட்வெல் ஹாங்காங் சண்டைக் காட்சிகளின் அடிப்படை வடிவமாக இத்தகைய நிறுத்தம், வீச்சு, நிறுத்தம் என்னும் அடுக்கைச் சுட்டியுள்ளார்.

ஷாட்டின் நீளத்தோடு சண்டையின் தெளிவை இணைத்துப் பார்க்கும் போக்கு திறனாய்வில் உண்டு. நீண்ட ஷாட் நன்று, குறுகிய ஷாட் தீது என்பது அதன் சாரம். கிங் ஹூவின் படங்கள் இதற்கு இசைவதில்லை. 'எ டச் ஆஃப் சென்' (1971) படத்தின் மூங்கில் காட்டுச் சண்டையில் ஷாட்டுகள் மிகக் குறுகியவை; பாயும் உடல் கணநேரமே கண்ணில் படுகிறது. ஆயினும் பார்வையாளர் குழம்புவதில்லை. யார் எங்கு நிற்கிறார், எதை நோக்கிப் பாய்கிறார் என்பது அதற்கு முந்தைய அமைதியிலேயே உணர்த்தப்பட்டுவிடுகிறது. எனவே தெளிவு என்பது ஷாட்டின் நீளத்தைவிடச் சண்டையின் நோக்கம் முன்னதாகவே புலப்படுவதைச் சார்ந்தது எனலாம். இதனைத் திட்டமிட, சண்டையை அமைப்பவரும் கேமராக் கோணத்தை முடிவு செய்பவரும் ஒத்துழைத்தாக வேண்டும்.

சாங் செ இயக்கிய 'ஒன்-ஆர்ம்ட் ஸ்வோர்ட்ஸ்மேன்' (1967) ஹாங்காங்கில் 10 இலட்சம் ஹாங்காங் டாலர் வசூலைத் தாண்டிய முதல் உள்ளூர்ப் படமாகக் குறிப்பிடப்படுகிறது. இதன் சண்டைகளை லாவ் கார்-லியுங்கும் டாங் காயும் அமைத்தனர். வலக்கை இழந்த நாயகன் முறிந்த வாளைக் கொண்டு புதியதொரு முறையை வகுத்துக்கொள்வது கதை. பகைவரின் கருவி நீண்ட வாளைப் பற்றி நிறுத்துவதற்காக உருவாக்கப்பட்டது. நாயகனின் குட்டை வாளோ அதற்கு அகப்படுவதில்லை. கதையின் முடிச்சும் சண்டையின் நுட்பமும் ஒன்றாகிவிடுகின்றன. சண்டையை நீக்கினால் கதையே இல்லை என்னும் இந்நிலைதான் பின்வந்த சிறந்த படங்களின் பொதுப்பண்பாயிற்று.

5. சண்டை அமைப்பாளர் இயக்குநராதல்: 1975–1979

1975 முதல் 1979 வரையிலான 5 ஆண்டுகள் இவ்வரலாற்றில் திருப்புமுனையானவை. லாவ் கார்-லியுங் 'தி ஸ்பிரிச்சுவல் பாக்ஸர்' (1975) படத்தையும், சாமோ ஹங் 'தி அயர்ன்-ஃபிஸ்டட் மங்க்' (1977) படத்தையும், யூன் வோ-பிங் 'ஸ்னேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ' (1978) படத்தையும், ஜாக்கி சான் 'தி ஃபியர்லெஸ் ஹயினா' (1979) படத்தையும் முதன்முதலாக இயக்கினர். நால்வரும் சண்டை நடிகர்களாகவும் சண்டை அமைப்பாளர்களாகவும் தொழிலைத் தொடங்கியவர்கள். சண்டை அமைப்பின் அதிகாரமும் படத்தின் அதிகாரமும் ஒருவரிடமே சேர்ந்தமை பிற நாட்டுத் திரைத்துறைகளில் இத்துணைப் பரவலாக நிகழவில்லை.

இதன் பயனை லாவ் கார்-லியுங்கின் 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவ்லின்' (1978) படத்தில் காணலாம். மஞ்சு ஆட்சியின் கொடுமைக்குத் தப்பி ஷாவ்லின் மடத்தில் சேரும் இளைஞன் சான் டெ, அங்குள்ள 35 பயிற்சிக் கூடங்களைக் கடந்து தேர்ச்சி பெறுகிறான். நீரில் மிதக்கும் கட்டைகளின்மீது கால்பதித்துத் தாண்டுதல், புயத்தில் கத்திகள் கட்டப்பட்ட நிலையில் கைகளை விரித்து நீர் சுமத்தல், மணல் மூட்டைகளைத் தலையால் முட்டிச் செல்லுதல் எனப் பயிற்சிக் காட்சிகளே படத்தின் நடுப்பகுதி முழுவதையும் நிரப்புகின்றன. வழக்கமான திரைக்கதை விதிப்படி இப்பகுதி தேக்கமாகக் கருதப்படும். லாவ் அதையே கதையாக்கினார். பார்வையாளர் ஒவ்வொரு அசைவையும் நாயகனோடு சேர்ந்து கற்கின்றனர். ஆகவே இறுதிச் சண்டையில் ஒரு கைவீச்சைக் கண்டதும் அது எந்தக் கூடத்தில் கற்றது என்பதை உணர்கின்றனர். சண்டையைப் 'படிக்க'க் கற்பிக்கும் படம் என இதனைக் குறிப்பிடுவது பொருந்தும். மரபுக் கலையைச் சாமானியருக்கும் கற்பிக்க 36ஆம் கூடத்தை நிறுவ வேண்டும் என்னும் நாயகனின் வேட்கை, ஓராசான் மரபில் வந்த இயக்குநரின் வேட்கையாகவும் ஒலிக்கிறது.

6. புரூஸ் லீ: எதிர்ச்சான்றா, துணைச்சான்றா?

நடிகரின் திறனே வெற்றியைத் தீர்மானிக்கிறது என்போர் முதலில் சுட்டுவது புரூஸ் லீயை. ரேமண்ட் சௌ 1970இல் தொடங்கிய கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனத்திற்காக லீ நடித்த 'தி பிக் பாஸ்' (1971) ஹாங்காங்கின் முந்தைய வசூல் அளவுகளைக் கடந்தது. 1973 ஜூலை 20இல் அவர் மறைந்தபின், பெயராலும் தோற்றத்தாலும் அவரைப் போலச்செய்த நடிகர்கள் பலர் தோன்றினர். அவர்களுள் நல்ல பயிற்சி உடையோரும் இருந்தனர். எனினும் அப்படங்கள் லீயின் இடத்தை நிரப்பவில்லை. திறன் மட்டுமே காரணம் எனில் இவ்வளவு பெரிய இடைவெளி ஏற்பட்டிருக்காது.

லீ தம் சண்டைகளைத் தாமே அமைத்தவர் என்பது இங்கு நோக்கத்தக்கது. அவர் எழுதி இயக்கிய 'வே ஆஃப் தி டிராகன்' (1972) படத்தின் இறுதியில் ரோமாபுரியின் கொலோசியத்தில் சக் நாரிஸுடன் நிகழும் சண்டை, ஒரு சிறுகதையின் கட்டமைப்பைக் கொண்டுள்ளது. இருவரும் அவசரமின்றி உடலைத் தளர்த்திக்கொள்கின்றனர். முதற்பகுதியில் லீ இறுக்கமான முறையில் மோதி அடிவாங்கிக் கீழே விழுகிறார். எழுந்தபின் தம் முறையை மாற்றி, கால்களைத் துள்ளலாக இயக்கி, எதிரியின் தாளத்தைக் கலைக்கிறார். எதிரி மாற மறுத்துத் தோற்கிறார். வென்றவர் இறந்தவரின் உடையையும் கச்சையையும் அவர்மீது போர்த்தி மரியாதை செய்கிறார். இறுகிய முறைகளைக் கைவிட வேண்டும் என்னும் லீயின் தற்காப்புக் கலைக் கோட்பாடு ஓர் உரையாடலும் இன்றி இங்கு விளக்கப்படுகிறது. 'என்டர் தி டிராகன்' (1973) படத்தை ராபர்ட் கிளவுஸ் இயக்கினார்; சண்டைகளை அமைத்தவர் லீயே. அப்படத்தின் எதிர்நாயகனாக வோங் ஃபெய்-ஹுங் வரிசையின் ஷெக் கின் நடித்தமை மரபின் தொடர்ச்சிக்குச் சான்றாகும்.

லீ 1972இல் தாமே இயக்கத் தொடங்கி முடிக்காது விட்ட 'கேம் ஆஃப் டெத்', அவர் மறைந்தபின் கிளவுஸின் இயக்கத்தில், பதிலி நடிகர்களைக் கொண்டு நிரப்பப்பட்டு 1978இல் வெளிவந்தது. ஒரே படத்திற்குள் வெற்றியும் ஏமாற்றமும் அடுத்தடுத்து நிற்பதை இதில் காணலாம். பதிலி நடிகர்கள் வரும் பகுதிகளில் முகத்தை மறைக்கும் பொருட்டு இருளும் கறுப்புக் கண்ணாடியும் பழைய படங்களின் அண்மைக் காட்சிகளும் பயன்படுத்தப்பட்டன. சண்டையின் தேவைக்காக அன்றி மறைப்பின் தேவைக்காகக் கேமரா வைக்கப்பட்டது. கூடுதல் சண்டைகளை அமைத்த சாமோ ஹங் திறன் மிக்கவர். ஆயினும் இக்கட்டுப்பாட்டிற்குள் அவரால் செய்யக்கூடியது குறைவு. லீ தாமே எடுத்த கோபுரச் சண்டைகள் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. 7 அடிக்கும் மேல் உயரமுள்ள கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல்-ஜப்பாருக்கு எதிரே லீ நிற்கும் ஷாட்டில் இருவரின் முழு உருவமும் தெரிகிறது. அவ்வுயர வேறுபாடே சண்டையின் சிக்கல். அதை எவ்வாறு கடப்பது என்பதே சண்டையின் கதை. அண்மைக் காட்சியில் இச்சிக்கல் புலப்படாது.

ஆக, புரூஸ் லீ இக்கட்டுரையின் கருதுகோளுக்கு எதிர்ச்சான்று ஆகார். நடிகரும் சண்டை அமைப்பாளரும் ஒருவராகவே இருந்த அரிய நிலைக்கு அவர் சான்றாகிறார்.

7. ஜாக்கி சான்: ஒரு நடிகர், பல விளைவுகள்

ஜாக்கி சானின் வாழ்க்கைப்போக்கு இவ்வாய்வுக்கு மிகப் பொருத்தமான சான்றுகளை வரிசையாகத் தருகிறது. சாமோ ஹங், யூன் பியாவ் ஆகியோரோடு பீக்கிங் இசைநாடகப் பள்ளியில் சிறுவயதிலிருந்தே பயின்ற அவரை, இயக்குநர் லோ வெய் இரண்டாம் புரூஸ் லீயாக ஆக்க முயன்றார். 'நியூ ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' (1976) தோல்வியுற்றது. பின்னர் லோ வெய் அவரை இரு படங்களுக்காக வேறொரு நிறுவனத்திற்கு அனுப்பினார். யூன் வோ-பிங் இயக்கிய 'ஸ்னேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ', 'டிரங்கன் மாஸ்டர்' ஆகிய அவ்விரு படங்களும் 1978இல் வெளிவந்து சானைப் பெரும் நட்சத்திரமாக்கின. 2 ஆண்டு இடைவெளியில் நடிகரின் திறன் அடியோடு மாறியிருக்க இயலாது. மாறியது சண்டையை அமைத்த முறையே. லீயின் சினத்தைப் போலச்செய்வதை விடுத்து, அடிவாங்கித் தடுமாறும் இளைஞனாகச் சானின் உடலுக்கேற்ற நகைச்சுவையை யூன் கண்டறிந்தார். 'டிரங்கன் மாஸ்டர்' படத்தின் நாயகன் இளவயது வோங் ஃபெய்-ஹுங் என்பதும், கிழ ஆசானாக நடித்தவர் யூன் சியு-டின் என்பதும் குறிப்பிடத்தக்கவை.

1980இல் சான் அமெரிக்காவில் 'தி பிக் பிராவல்' படத்தில் நடித்தார். இயக்குநர் 'என்டர் தி டிராகன்' இயக்கிய அதே ராபர்ட் கிளவுஸ். படம் எடுபடவில்லை. இயக்குநரை மாறிலியாகக் கொண்டு நோக்கினால் வேறுபாடு தெளிவாகும். 1973இல் சண்டை அமைப்பின் பொறுப்பு லீயிடம் இருந்தது; 1980இல் சானுக்குத் தம் சொந்த ஊரில் கிடைத்த உரிமை அமெரிக்கப் படப்பிடிப்பு முறையில் கிடைக்கவில்லை.

'தி புரொடெக்டர்' படத்திலும் இதுவே நிகழ்ந்தது. அமெரிக்க முறையில் ஒரு காட்சி முழுவதும் பல கோணங்களில் எடுக்கப்பட்டு, படத்தொகுப்பாளரிடம் ஒப்படைக்கப்படும். ஹாங்காங் முறையில் சண்டை சிறுசிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பகுதியும் அதற்குரிய ஒரே கோணத்தில் எடுக்கப்படும். அடுத்த அடி முந்தைய அடியின் முடிவைப் பார்த்தபின்னரே உருவாகும். வினாடிக்கு 24 படச்சட்டகங்களுக்குச் சற்றுக் குறைவாக எடுத்து அசைவை விரைவுபடுத்துவதும் சண்டை அமைப்பாளரின் முடிவே. முன்னதில் சண்டை படத்தொகுப்பு மேசையில் உருவாகிறது. பின்னதில் தளத்திலேயே உருவாகிறது. பின்னதற்குக் காலம் மிகுதியாகத் தேவை.

அமெரிக்கப் பதிப்பில் நிறைவுறாத சான், ஆசிய வெளியீட்டிற்காகச் சில காட்சிகளை நீக்கிப் புதிய காட்சிகளைச் சேர்த்து, பில் வாலஸுடனான இறுதிச் சண்டையை மீண்டும் எடுத்துத் தொகுத்தார். ஒரே சண்டையின் இரு வடிவங்கள் இதனால் ஆய்வாளருக்குக் கிடைக்கின்றன. நடிகர்கள் அவர்களே, களம் அதுவே. அமெரிக்க வடிவத்தில் தளர்வாக நகரும் சண்டை, சானின் வடிவத்தில் அடிக்கு எதிரடி எனக் கோவையாகவும் விரைவாகவும் நகர்கிறது. இக்கட்டுரையின் கருதுகோளுக்கு இதைவிட நெருக்கமான ஒப்பீடு கிடைத்தல் அரிது.

'போலீஸ் ஸ்டோரி' அவ்வனுபவத்திற்குச் சான் அளித்த மறுமொழியாக அமைந்தது. வணிக வளாகத்தில் நிகழும் இறுதிச் சண்டையில் ஏணிகள், நகரும் படிக்கட்டுகள், கண்ணாடிப் பேழைகள் என ஒவ்வொரு பொருளும் முதலில் பார்வையாளருக்குக் காட்டப்பட்டுப் பின்னர் சண்டையில் பயன்படுகிறது. உடைந்த கண்ணாடிகளின் மிகுதியால் படக்குழுவினர் இதனைக் 'கண்ணாடிக் கதை' என வேடிக்கையாகக் குறிப்பிட்டனர். விளக்குகள் சுற்றிய கம்பத்தில் சான் சறுக்கி இறங்கும் காட்சி வெவ்வேறு கோணங்களில் மும்முறை காட்டப்படுகிறது. கதைக்கு ஒருமுறை போதும். மெய்யான உடல் மெய்யான உயரத்திலிருந்து இறங்கியது என்பதற்குச் சான்றளிக்கவே மற்ற இரண்டும் தேவைப்படுகின்றன.

8. கருதுகோளின் எல்லை: 'க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்'

யூன் வோ-பிங் சண்டை அமைத்த 'தி மேட்ரிக்ஸ்' (1999) படத்தின் நடிகர்கள் படப்பிடிப்புக்குமுன் சுமார் 4 மாதங்கள் அவரிடம் பயின்றனர். நடிகரை மட்டும் வரவழைத்த 1980களின் அமெரிக்கத் திரைத்துறை, 1990களின் இறுதியில் சண்டை அமைப்பாளரை அழைத்து அவருக்குக் காலம் ஒதுக்கக் கற்றுக்கொண்டது என இதனை விளக்கலாம்.

அடுத்த ஆண்டில் அவரே சண்டை அமைத்த ஆங் லீயின் 'க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' வட அமெரிக்காவில் 12 கோடி டாலருக்கும் மேல் வசூலித்து, 4 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. 'கம் டிரிங்க் வித் மீ' நாயகியான செங் பெய்-பெய் இதில் எதிர்நாயகியாக நடித்தார். ஆயினும் சீன மொழி பேசும் பார்வையாளர் பலரிடம் இப்படம் மந்தமான வரவேற்பையே பெற்றது. ஹாங்காங்கைச் சேர்ந்த சௌ யூன்-ஃபட், மலேசியாவின் ஈப்போவில் பிறந்த மிஷெல் யோ ஆகியோரின் மாண்டரின் உச்சரிப்பு அவர்களின் காதுக்கு உறுத்தலாக இருந்தது. கூரைகளின்மீது பறப்பது மேலைநாட்டினருக்குப் புதுமை. வூஷியா படங்களில் ஊறியோருக்கு அது பழகிய ஒன்று.

சண்டை அமைப்பாளர் ஒருவரே, படமும் ஒன்றே. ஆயினும் ஏற்பு வேறுபட்டது. சண்டை அமைப்பின் சிறப்பு ஏமாற்றத்தைத் தவிர்ப்பதற்குத் தேவையான நிபந்தனை. அதுவே போதுமான நிபந்தனை அன்று. பார்வையாளரின் மொழியறிவும் முன்னனுபவமும் தனியாக ஆராயத்தக்கவை.

9. வெற்றியின் விலை

காலமும் அதிகாரமும் வழங்கப்பட்டமையைப் போற்றும்போது, அவற்றின் விலையை மறைத்தல் வரலாற்று நேர்மை ஆகாது. 1980களின் ஹாங்காங்கில் மெய்ம்மைக்கான போட்டி, சண்டை நடிகர்களின் உடலைப் பணயமாக்கியது. 'ஆர்மர் ஆஃப் காட்' (1986) படப்பிடிப்பின்போது யூகோஸ்லாவியாவில் மரத்திலிருந்து விழுந்து சானின் மண்டையோடு முறிந்தது. நட்சத்திரத்தின் காயம் செய்தியாகியது. அவரோடு கண்ணாடியில் விழுந்த சண்டைக் குழுவினரின் காயங்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. பார்வையாளர் 'உண்மை' என்று வியந்ததன் ஒரு பகுதி, பெயர் அறியப்படாத தொழிலாளரின் வலியாகும். படப்பிடிப்புக்குக் கூடுதல் நாள்கள் ஒதுக்குதல் என்பது ஒருவகையில் பாதுகாப்பு. ஒத்திகை மிகும்போது விபத்து குறையும். மற்றொரு வகையில், நிறைவு கிட்டும்வரை அதே வீழ்ச்சியை மீண்டும் மீண்டும் நிகழ்த்தச் செய்வதால் அதுவே ஆபத்தாகவும் முடிந்தது. இவ்விருமையை ஹாங்காங் திரைத்துறை தீர்க்கவில்லை.

அங்கீகாரமும் சீராக அமையவில்லை. ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சண்டை அமைப்பிற்கான விருது 1983 முதலே வழங்கப்படுகிறது. இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளில் 2016ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே இப்பிரிவு இடம்பெற்றது. ஆஸ்கர் விருதுகளில் சண்டை வடிவமைப்பிற்கான பிரிவு 2027இல் வெளியாகும் படங்களிலிருந்து தொடங்கும் என 2025இல்தான் அறிவிக்கப்பட்டது.

10. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து பின்வருவன பெறப்படுகின்றன. நடிகரின் மெய்யான திறன் வெற்றிக்குத் தனித்த காரணம் அன்று. நடனம் பயின்ற செங் பெய்-பெய்யின் வெற்றியும், பயிற்சி மிக்க சானின் 1976, 1980, 1985ஆம் ஆண்டுத் தோல்விகளும் இதனை உறுதிப்படுத்துகின்றன. சண்டையின் தெளிவு ஷாட்டின் நீளத்தால் அமைவதில்லை. நோக்கமும் இடமும் முன்னதாக உணர்த்தப்படுவதால் அமைகிறது. சிறந்த படங்களில் சண்டை கதையை நிறுத்திவைப்பதில்லை. கதையை நடத்திச் செல்கிறது. இவை அனைத்தும் கைகூடுவதற்குச் சண்டை அமைப்பாளரிடம் காலமும் கேமரா, படத்தொகுப்பு ஆகியவற்றின்மீதான அதிகாரமும் இருத்தல் வேண்டும். 'தி புரொடெக்டர்' படத்தின் இரு வடிவங்கள் இதனை ஐயமின்றிக் காட்டுகின்றன. அதே வேளையில், பார்வையாளரின் பண்பாட்டுப் பின்னணி இவ்விளக்கத்திற்கு எல்லை வகுக்கிறது.

திரைப்பட வரலாறு பெரும்பாலும் இயக்குநர், நட்சத்திரம் ஆகியோரின் பெயர்களால் எழுதப்பட்டு வந்துள்ளது. ஹான் யிங்-சியே, டாங் காய், யூன் சியு-டின் போன்றோரின் பெயர்கள் அவ்வரலாற்றின் ஓரத்தில் நிற்கின்றன. ஒரு சண்டைக் காட்சி ஏன் நினைவில் நிற்கிறது, மற்றொன்று ஏன் மறக்கப்படுகிறது என்னும் வினாவிற்கு விடை காண, அவர்களின் பணியை மையத்தில் வைத்து அவ்வரலாற்றை மீள எழுதுதல் தேவை. தமிழ்த் திரைப்படங்களின் பெயர்ப்பட்டியலில் 'சண்டைப் பயிற்சி' என்னும் ஒற்றை வரியில் இடம்பெற்றுவரும் கலைஞர்களின் பணிக்கும் இம்முறையியல் பொருந்துமா என்பது மேலும் ஆராயத்தக்கது.